பெயர்ப் பட்டியலில் தேவனுடைய உண்மையைக் காண்பது: வம்சவரலாறுகளை முதன்முறையாக வாசிப்போருக்கு ஒரு வழிகாட்டி

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்கள் ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தில் முதல் தடவை தயங்கி நிற்பார்கள். அதைத் தாண்டினால் 10, 11, பிறகு 36. எண்ணாகமம் பெயர்களோடும் தொகைகளோடும் தொடங்குகிறது. 1 நாளாகமத்தில் முதல் ஒன்பது அதிகாரங்களும் ஏறக்குறைய முழுவதும் பெயர்களே. வாசிப்புக் கூட்டங்களில் பலர் இந்த இடங்களைத் தாவிப் போகிறார்கள். தாவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும், எப்படி வாசிக்கலாம் என்று சொல்லித் தரவுமே இதை எழுதுகிறேன்.

தாவக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ஆபிரகாமுக்குக் கர்த்தர் கொடுத்த வாக்குச் சந்ததியைப் பற்றியது. தாவீதுக்கு 2 சாமுவேல் 7இல் நாத்தான் தீர்க்கதரிசி மூலம் கொடுத்த வாக்கும் சந்ததியைப் பற்றியதே. பிள்ளைகளைப் பற்றி ஒருவர் வாக்குக் கொடுத்தால், அவர் சொன்னபடி செய்தாரா என்று எப்படிப் பார்ப்பது? பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதித்தான் பார்க்க வேண்டும். வம்சவரலாறு அந்த வேலையைச் செய்கிறது. வாக்கு ஓரிடத்தில் சொல்லப்படுகிறது. அது நிறைவேறிய கணக்கு இந்தப் பட்டியல்களில் இருக்கிறது.

ஆகவே வாசிக்கும்போது ஒரேயொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வரி எங்கே அறுந்திருக்க வேண்டும்? ஒவ்வொரு பட்டியலிலும் மனித கணக்குப்படி கதை முடிந்துபோயிருக்க வேண்டிய இடம் ஒன்றாவது இருக்கும். அங்கே நிறுத்தி, அந்தச் சம்பவத்தைத் தேடி வாசியுங்கள். தேவனுடைய உண்மை அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு வேதாகமம், ஒரு கொப்பி, இரண்டு நிறப் பேனைகள். இவ்வளவும் போதும். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் பழைய திருப்புதல் இருக்கும். கத்தோலிக்கரிடம் திருவிவிலியம் இருக்கும். இரண்டிலும் பெயர்களின் எழுத்து மாறுபடும். பழைய திருப்புதலில் பாரேஸ் என்று இருப்பவர் திருவிவிலியத்தில் பெரேட்சு. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கூட்டங்களில் இரண்டு மொழிபெயர்ப்பும் ஒரே மேசையில் இருப்பது வழக்கம். இவர் வேறு அவர் வேறு என்று குழம்ப வேண்டாம். இந்தக் கட்டுரையில் பழைய திருப்புதலின் பெயர்களையே எழுதுகிறேன்.

கொப்பியில் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள். ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று வரி விடுங்கள். அந்த இடைவெளிக்குத் தேவை வரும். பெயர்களை வாய்விட்டு வாசியுங்கள். அம்மினதாப், நகசோன் என்று நாக்கு தடுமாறினாலும் பரவாயில்லை. கண் மட்டும் ஓடினால் ஒரு பெயரும் மனதில் நிற்காது.

முதலில் ரூத் 4:18–22

ஆதியாகமத்திலோ நாளாகமத்திலோ தொடங்காதீர்கள். ரூத்தின் கடைசி ஐந்து வசனங்களில் தொடங்குங்கள். பத்துப் பெயர்கள்தான்: பாரேஸ், எஸ்ரோன், ராம், அம்மினதாப், நகசோன், சல்மோன், போவாஸ், ஓபேத், ஈசாய், தாவீது. அரை மணித்தியாலத்தில் எழுதி முடிக்கலாம். ஆனால் இதை நன்றாகச் செய்தவருக்கு மற்றப் பட்டியல்களும் திறந்துகொள்ளும். அதனால் இதில் நேரம் செலவிடுங்கள்.

மேலே முதலாவது பெயரைப் பாருங்கள், பாரேஸ். ஆதியாகமம் 38ஐத் திறவுங்கள். யூதாவின் மூத்த மகன் ஏர் இறந்துபோகிறான். அடுத்தவன் ஓனானும் இறக்கிறான். மூன்றாவது மகன் சேலாவைத் தாமாருக்குக் கொடுக்க யூதாவுக்கு மனமில்லை. அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறான். பிறகு நடந்தது யாரும் பெருமையாகச் சொல்லக்கூடிய கதை இல்லை. கர்ப்பமாயிருந்த தாமாரைச் சுட்டெரிக்கும்படி யூதாவே கட்டளையிடுகிறான். அவள் முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கோலையும் அனுப்பி, இவை யாருடையவை என்று பாரும் என்கிறாள். அவன் அடையாளம் கண்டு, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். அவள் வயிற்றிலிருந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன்தான் பாரேஸ். அந்த மோதிரம் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. தாவீதின் வரி அங்கே நெருப்புக்கு ஓர் அடி தூரத்தில் நின்றது. கொப்பியில் பாரேசின் பெயருக்கு மேல் சிவப்பு நிறத்தில் ஒரு கோடு போடுங்கள்.

அடுத்து நகசோன். எண்ணாகமம் 1இல் யூதா கோத்திரத்தின் தலைவன் இவன். அந்த முதலாம் தொகையில் எண்ணப்பட்ட இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் காலேபும் யோசுவாவும் தவிர ஒருவரும் கானானுக்குள் போகவில்லை என்று எண்ணாகமம் 14, 26 சொல்கின்றன. ஒரு தலைமுறை முழுவதும் வனாந்தரத்தில் அடக்கமானது. நகசோனுக்குக் கீழே இன்னொரு சிவப்புக் கோடு. ஆனால் அவன் மகன் சல்மோன் உள்ளே போனான். எரிகோவில் ஒரு வேசியின் வீட்டு ஜன்னலில் சிவப்பு நூல் கட்டியிருந்த ராகாபை மணந்தான். ராகாபின் பெயர் ரூத்தின் பட்டியலில் இல்லை. மத்தேயு 1:5 அதைச் சொல்கிறது.

பிறகு போவாசுக்கும் ஓபேதுக்கும் இடையில் வாருங்கள். இந்த இடைவெளிக்குள் ரூத்தின் புத்தகம் முழுவதும் இருக்கிறது. பஞ்சம் வந்து எலிமெலேக்கு குடும்பத்தோடு மோவாபுக்குப் போகிறான். அங்கே அவனும் இறக்கிறான், மகன்மார் மக்லோனும் கிலியோனும் பிள்ளையில்லாமல் இறக்கிறார்கள். மூன்று விதவைகள் மிஞ்சுகிறார்கள். நகோமி பெத்லகேமுக்குத் திரும்பி வந்து, என்னை நகோமி என்று கூப்பிட வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். இவளுடைய வரியைப் பொறுத்தவரை இனி எழுத ஒன்றும் இல்லை. கூட வந்த மருமகளோ மோவாபியப் பெண். உபாகமம் 23:3இன்படி சபைக்குள் வர இடமில்லாதவள். அவளிடத்தில் பிறந்தவன் ஓபேத். அவன் பெயருக்கு மேல் மூன்றாவது சிவப்புக் கோடு. பிள்ளையை மடியில் வாங்கிய நகோமியிடம் ஊர்ப் பெண்கள் சொல்வதை 4:15இல் வாசியுங்கள்: ஏழு குமாரரைவிட உனக்கு அருமையான மருமகள்.

பத்துப் பெயர், மூன்று சிவப்புக் கோடு. இந்த முறையையே இனி எல்லாப் பட்டியல்களுக்கும் பயன்படுத்தப் போகிறோம்.

தாய்மாரின் பெயரைத் தேடுதல்

மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு இந்தப் படி மற்றவர்களைவிட இலகுவாக வரும். நம்முடைய ஊர்களில் குடி, அதாவது வம்சக் கிளை, தாய்வழியாக வருகிறது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகிறது. கோயில் உரிமைகள் குடிவாரியாகப் பிரிகின்றன. முஸ்லிம் அயலவர்களிடமும் குடி உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கலியாணப் பேச்சு வந்தால் பெத்தாமார் (பாட்டிமார்) முதலில் கேட்பது "என்ன குடி?" என்பதைத்தான்.

ஆரையம்பதிப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் ஆதியாகமம் 5ஐ வாசித்தபோது ஒரு வயதான தாய் இடைமறித்துக் கேட்டார்: "இதென்ன மனே, தாய்ர பேர் ஒண்டும் இல்லயே! அப்ப குடிய எப்படிக் கண்டுபிடிக்கிற?" இதைவிட நல்ல கேள்வியை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. இஸ்ரவேலில் வம்சம் தகப்பன் வழியாக எண்ணப்பட்டது. தாயின் பெயர் பட்டியலுக்குத் தேவையில்லை. ஆகவே ஒரு தாயின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இயேசுவின் வம்சவரலாறு இருக்கும் மத்தேயு 1ஐ எடுங்கள். மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் குறிப்பிடப்படுகிறார்கள்: தாமார், ராகாப், ரூத், "உரியாவின் மனைவியாயிருந்தவள்". சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் என்ற பெரிய பெயர்கள் அங்கே இல்லை. எழுதப்பட்டவர்கள் வெளி இனத்தோடு தொடர்புடையவர்கள், அல்லது ஊர் வாயில் அடிபட்டவர்கள், அல்லது இரண்டும். பத்சேபாளின் பெயரைக்கூடச் சொல்லாமல் உரியாவின் மனைவி என்று எழுதுகிறார் மத்தேயு. தாவீது கொலை செய்வித்த மனிதனின் பெயரை அந்த அரச பட்டியலுக்குள் வேண்டுமென்றே வைக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். குடும்பப் பெருமைக்காகப் பட்டியல் எழுதுகிறவர் இப்படி எழுதமாட்டார். தேவன் தம் வாக்கைக் காப்பாற்றியது இந்த மனிதர்களின் நல்லொழுக்கத்தை நம்பி அல்ல என்பதை மத்தேயு மறைக்கவில்லை.

இதே இடத்தில் எண்ணாகமம் 26:33ஐயும் பாருங்கள். குடும்பங்களின் நீண்ட தொகைக் கணக்குக்கு நடுவில் செலொப்பியாத்துக்குக் குமாரர் இல்லை, குமாரத்திகள் மாத்திரம் இருந்தார்கள் என்று சொல்லி ஐந்து பெயர்கள் வருகின்றன: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அடுத்த அதிகாரத்தில் அவர்கள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்னால் வந்து நின்று, மகன் இல்லாததினால் எங்கள் தகப்பனுடைய பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்குக் காணி தாருங்கள் என்று கேட்கிறார்கள். மோசே கர்த்தரிடம் கேட்கிறார். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தர் சொல்கிறார். யோசுவா 17இல் காணி கையில் கிடைக்கிறது. பெண்பிள்ளைக்குக் காணி எழுதும் நம்முடைய கரையில் இந்தப் பகுதியைக் கேட்டு வியப்பவர்கள் இல்லை, சந்தோஷப்படுகிறவர்கள்தான் உண்டு.

வருடங்களைக் கூட்டிப் பார்த்தல்

ஆதியாகமம் 5, 11 ஆகியவற்றில் வயதுகள் இருக்கின்றன. கொப்பியில் கூட்டல் கணக்குச் செய்யுங்கள். ஓர் உதாரணம்: மெத்தூசலாவுக்கு 187 வயதில் லாமேக்கு பிறந்தான். லாமேக்குக்கு 182 வயதில் நோவா பிறந்தான். நோவாவுக்கு 600 வயதில் ஜலப்பிரளயம் வந்தது. 187, 182, 600 மூன்றையும் கூட்டினால் 969. மெத்தூசலா உயிரோடிருந்த வருடங்களும் 969. வேதாகமத்தில் எல்லாரைவிடவும் நீண்ட காலம் வாழ்ந்தவன் ஜலப்பிரளயம் வந்த அதே வருடத்தில் இறந்திருக்கிறான். நோவாவின் நாட்களில் தேவன் நீடிய பொறுமையோடு காத்திருந்தார் என்று 1 பேதுரு 3:20 சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்து வாசியுங்கள். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த எண்கள் மாறுபடுகின்றன. நம்முடைய தமிழ் வேதாகமம் எபிரெய எண்களைப் பின்பற்றுகிறது.

அதே அதிகாரத்தில் "அவன் மரித்தான்" என்ற முடிவு திரும்பத் திரும்ப வருவதையும் எண்ணுங்கள். ஏனோக்கு ஒருவனுக்கு மட்டும் அது இல்லை. மற்ற ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல்லுக்கு முன் இன்னொரு பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

ஆபிரகாமிடம் வந்தால் காத்திருந்த காலத்தை எழுதிவையுங்கள். ஆதியாகமம் 11:30 சாராய்க்குப் பிள்ளையில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அதிகாரத்தில் சந்ததியைப் பற்றிய வாக்கைத் தொடங்குகிறது. அவன் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இருபத்தைந்து வருடம். ஈசாக்கு 40 வயதில் மணம் செய்தான், ஏசாவும் யாக்கோபும் பிறந்தபோது 60. மறுபடி இருபது வருடம். பட்டியலில் "ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்" என்று ஒரே மூச்சில் வந்துவிடும். நாற்பத்தைந்து வருடக் காத்திருப்பு அந்த இரண்டு வினைச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. கொப்பியில் விட்ட இடைவெளி இதற்காகத்தான்.

இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் வைத்தல்

இப்போது கொஞ்சம் கடினமான வேலை. 1 நாளாகமம் 3:10–16ஐ இடப்பக்கத்திலும் மத்தேயு 1:7–11ஐ வலப்பக்கத்திலும் எழுதுங்கள். யோராமுக்குப் பிறகு நாளாகமத்தில் அகசியா, யோவாஸ், அமத்சியா, அதன்பின் அசரியா. அசரியாவும் உசியாவும் ஒரே ஆள். மத்தேயுவில் யோராமுக்குப் பிறகு நேரே உசியா. மூன்று ராஜாக்களின் பெயர் இல்லை. "பெற்றான்" என்பது அந்த வழக்கில் பேரன், பூட்டன் வரைக்கும் செல்லும். மூன்று பதினான்கு தலைமுறைகளாக வகுப்பதற்காக மத்தேயு சில பெயர்களை விட்டிருக்கிறார். மொத்தமாக எண்ணினால் 42க்குப் பதில் 41 பெயர்தான் வரும். எகோனியாவை இரண்டு முறை எண்ணினால் கணக்குச் சரியாகும். புதியவர்கள் இதைக் கண்டு பதறுவார்கள். பதற வேண்டாம், அன்றைய வாசகர்களும் எண்ணத் தெரிந்தவர்கள்தான்.

அந்த விடுபட்ட மூவரில் நடுப்பெயரை, யோவாசை, நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். 2 நாளாகமம் 21இல் யோராம் ராஜாவானதும் தன் சொந்தத் தம்பிமாரைக் கொன்றுபோடுகிறான். பிறகு பெலிஸ்தரும் அரபியரும் வந்து அவனுடைய பிள்ளைகளைக் கொண்டுபோகிறார்கள்; இளையவன் ஒருவனே மிஞ்சுகிறான். அவன்தான் அகசியா. வட இஸ்ரவேலில் ராஜாவான யெகூ அகசியாவையும், சகோதரர் என்று அழைக்கப்பட்ட அவன் உறவினர் நாற்பத்திரண்டு பேரையும் கொன்றுவிடுகிறான். மகன் செத்ததைக் கண்ட தாய் அத்தாலியாள் எழும்பி ராஜவம்சத்தார் எல்லாரையும் அழிக்கத் தொடங்குகிறாள். சொந்தப் பேரப்பிள்ளைகளை. அகசியாவின் சகோதரி யோசேபாள் ஒரு கைக்குழந்தையைக் கொல்லப்படுகிறவர்களின் நடுவிலிருந்து களவாக எடுத்து, அவனையும் அவன் தாதியையும் படுக்கை வைத்திருந்த அறையில் ஒளிக்கிறாள். ஆறு வருடம் அந்தப் பிள்ளை கர்த்தருடைய ஆலயத்தில் மறைந்திருந்தது. ஏழு வயதில் அவனுக்கு முடிசூட்டினார்கள்.

ஆறு வருடம், தாவீதுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு ஒரு குழந்தையின் அழுகை வெளியே கேட்காமலிருப்பதில் தங்கியிருந்தது. 2 இராஜாக்கள் 11இன் முதல் மூன்று வசனங்களை மெதுவாக வாசியுங்கள். கூட்டமாக இருந்தால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கண்ணை மூடிக் கேளுங்கள். பிறகு மத்தேயுவில் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லாததைத் திரும்பப் பாருங்கள். எல்லாம் அவனில் தொங்கியிருந்தது, ஆனால் எல்லாம் அவனைப் பற்றியதாக இருக்கவில்லை.

மத்தேயுவையும் லூக்கா 3ஐயும் ஒப்பிட்டால் இன்னொரு வித்தியாசம் தெரியும். மத்தேயு சாலொமோன் வழியாக வருகிறார், லூக்கா தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாகப் போகிறார். லூக்கா மரியாளின் வரியைத் தருகிறார் என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படியான தகப்பனையும் பெற்ற தகப்பனையும் கொண்டு விளக்குகிறவர்களும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் அப்படி விளக்கினார். ஆரம்பத்தில் இதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். இரண்டும் தாவீதில் சந்திக்கின்றன. லூக்கா அதற்கும் அப்பால் ஏறி, "ஆதாம் தேவனால் உண்டானவன்" என்று முடிக்கிறார்.

எகோனியா: நின்று பார்க்க வேண்டிய பெயர்

இந்த ஒரு பெயருக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். கோனியா, எகோனியா, யோயாக்கீன் மூன்றும் ஒருவனே. தேடும்போது மூன்றையும் தேட வேண்டும். பதினெட்டு வயதில் ராஜாவாகி, மூன்று மாதம் ஆண்டு, கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறையாகப் போனவன். எரேமியா 22இல் அவனைப் பற்றி வருவது வேதத்தில் மிகக் கடினமான வார்த்தைகளில் ஒன்று. நீ என் வலதுகையின் முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார் கர்த்தர். இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருந்து வாழ்வடையமாட்டான் என்கிறார். இங்கே சிவப்புப் பேனையால் தடித்த கோடு போடலாம்.

1 நாளாகமம் 3:17ஐத் திறவுங்கள். எகோனியாவின் குமாரர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. சிறையிலிருந்தவனுக்குப் பிள்ளைகள்.

பாபிலோன் அகழ்வாய்வில் கிடைத்த களிமண் பலகைகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. ராபர்ட் கோல்டேவே தலைமையிலான ஜெர்மானியக் குழு 1899 முதல் அங்கே தோண்டியது. கிடைத்த பலகைகளில் அரண்மனையிலிருந்து எண்ணெய்ப் பங்கு பெற்றவர்களின் கணக்கு இருந்தது. அதை எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் வெளியிட்டார். யூதாவின் ராஜா யோயாக்கீனின் பெயரும், அவனுடைய ஐந்து குமாரர்களும் அதில் இருக்கிறார்கள். ஒரு பலகையின் காலம் கி.மு. 592. பங்கு எண்ணெய் அளந்து கொடுத்த பாபிலோனிய எழுத்தனுக்குத் தாவீதின் வாக்கைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் தன் வேலையைச் செய்தான். வாக்கு அந்த எண்ணெயில் உயிரோடிருந்தது. 2 இராஜாக்கள் புத்தகத்தின் கடைசி நான்கு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள்: சிறையிருப்பின் முப்பத்தேழாம் வருடத்தில் அவனுடைய சிறை உடுப்பு மாற்றப்படுகிறது, அவன் ராஜாவின் பந்தியில் சாப்பிடுகிறான்.

கடைசியாக ஆகாய் 2:23. எகோனியாவின் வம்சத்தில் வந்த செருபாபேலைப் பார்த்துக் கர்த்தர், உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். கழற்றி எறிந்த அதே மோதிரம். செருபாபேல் ராஜாவாகவில்லை, அதிபதியாக மட்டுமே இருந்தான். எரேமியா சொன்னதும் நின்றது, தாவீதுக்குச் சொன்னதும் நின்றது.

செருபாபேலுக்குப் பிறகு மத்தேயுவில் வரும் பெயர்கள் அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. இவர்களைப் பற்றி வேதத்தில் வேறெங்கும் கதை இல்லை. ஐந்நூறு வருடம், ஒன்பது பெயர். இவர்களுக்குக் கீழே எழுத ஒன்றுமில்லாத மூன்று வரிகளை அப்படியே வெறுமையாக விடுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் செய்து, பிள்ளை வளர்த்து, எந்தப் பத்திரிகையிலும் பெயர் வராமல் போன நம் முன்னோர்களைப் போன்றவர்கள் அவர்கள். யோசேப்பின் வீட்டுக்கு அந்த வரி வந்து சேர்ந்தது அவர்கள் வழியாகத்தான்.

பக்கக் கிளைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாக்கின் நேர்வரியில் இல்லாதவர்களின் பட்டியல்களையும் தாவாதீர்கள். ஆதியாகமம் 17:20இல் இஸ்மவேல் பன்னிரண்டு பிரபுக்களைப் பெறுவான் என்று கர்த்தர் சொல்கிறார். 25ஆம் அதிகாரத்தில் அந்தப் பன்னிரண்டு பெயர்களும் இருக்கின்றன; எண்ணிப் பாருங்கள். எண்ணாகமம் 26:11 கோராகைப் பூமி விழுங்கிய கதைக்கு நடுவே, கோராகின் குமாரர் சாகவில்லை என்று ஒரு சிறிய வாக்கியம் வைக்கிறது. 1 நாளாகமம் 6இல் அந்த வம்சத்தில் சாமுவேலும் பாடகன் ஏமானும் வருகிறார்கள். 42, 84 முதலிய சங்கீதங்களின் தலைப்பில் "கோராகின் புத்திரர்" இருக்கிறார்கள். தகப்பன் கலகம் செய்து கெட்டான், பிள்ளைகளின் பாட்டை நாம் இன்றும் ஆராதனையில் பாடுகிறோம்.

வரி அறுந்த வீடுகளில்

நம்முடைய கரையில் இதை நடத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலிருந்து திருக்கோவில் வரை கடலோர வீடுகளில் முழுக் குடும்பங்களே போயின. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் இறந்தார்கள். யுத்த காலத்தில் காணாமற்போனவர்களின் பெயரைச் சொல்லித் தேடும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் வம்சத்தில் கடைசி ஆளாக இருக்கலாம்.

அவரிடம், தேவன் சந்ததியைக் காப்பார் என்று சொல்லிவிடாதீர்கள். வேதம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி வாக்களிக்கவில்லை. வாக்குப்பண்ணப்பட்ட ஒரு வரி காக்கப்பட்டது, அது கிறிஸ்துவுக்காக, அவர் மூலம் எல்லாருக்காகவும். அந்த வரியிலும் ஏர், ஓனான், மக்லோன், கிலியோன் என்று பிள்ளையில்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. நகோமி தன் கசப்பைத் தேவனுக்கு முன்பாகவே சொன்னாள். யாரும் அவளை வாயடைக்கவில்லை. இப்படிப்பட்டவர்களோடு ஏசாயா 56:3–5ஐ வாசியுங்கள். நான் பட்ட மரம் என்று சொல்லுகிற, பிள்ளைபெற வழியில்லாத அண்ணகனுக்கு, குமாரரையும் குமாரத்திகளையும்விட உத்தமமான இடத்தையும் என்றும் அழியாத நாமத்தையும் என் ஆலயத்தில் தருவேன் என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். பிறகு மௌனமாக இருங்கள். அவர் தம் பிள்ளையின் பெயரைச் சொல்ல விரும்பினால், கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

பெயர்களின் அர்த்தங்களைக் கோர்த்து இரகசியச் செய்தி கண்டுபிடிக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள், கதைகளே போதுமானவை. பட்டியலை வைத்துக் குடிப் பெருமையோ சாதிப் பெருமையோ பேசாதீர்கள். ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று சொன்னவர்களிடம், தேவன் இந்தக் கல்லுகளினாலே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ண வல்லவர் என்றார் யோவான்ஸ்நானன். முடிவில்லாத வம்சவரலாறுகளைக் கவனியாதபடி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இந்த வீண் தர்க்கங்களைப் பற்றியே.

நான்கு மாலைகளுக்கு ஒரு ஒழுங்கு

வீட்டுக் கூட்டமாகச் செய்வதாயிருந்தால் நான்கு வாரம் போதும். முதல் வாரம் ரூத் 4, ஆதியாகமம் 38ஓடு. இரண்டாம் வாரம் ஆதியாகமம் 5, 11, கணக்குப் பார்த்து. இதைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அவர்கள் விரும்பிச் செய்வார்கள். மூன்றாம் வாரம் 1 நாளாகமம் 3, யோவாசின் கதையும் எகோனியாவும். நேரம் போதாது என்று தெரிந்தால் மூன்றாவதை இரண்டாகப் பிரியுங்கள், எகோனியாவைச் சுருக்காதீர்கள். கடைசி வாரம் மத்தேயு 1.

நத்தாருக்கு முந்தைய வாரங்களில் தொடங்கினால் இன்னும் நல்லது. கத்தோலிக்கத் திருப்பலியில் டிசம்பர் 17 அன்று மத்தேயு 1:1–17 நற்செய்தியாக வாசிக்கப்படுகிறது. அந்தத் திகதிக்குள் மூன்று வாரத்தை முடித்தவர்கள் கோயிலில் அந்தப் பெயர்களைக் கேட்கும்போது ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பார்கள். வாசிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் பெயர்களை முதல் நாளே சத்தமாக வாசித்துப் பழகுங்கள். "எகோனியா" வரும் இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு தொடருங்கள்.

நான்கு வாரமும் முடிந்தபின் தனியாகத் தொடர விரும்புகிறவர்கள் எஸ்றா 2ஐ எடுக்கலாம். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் 42,360 பேர் என்று அங்கே தொகை இருக்கிறது. இரண்டாம் வசனத்திலேயே செருபாபேலின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, கொப்பியில் எகோனியாவின் பக்கத்தோடு கோடு இழுத்து இணைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.